செட்டிநாட்டு வீட்டுக்குள் ஐந்து பிராஜெக்ட்: விஸ்காம் மாணவிக்கு யோசனை சொல்லுங்கள்

முற்றத்துவெயில் | பிப்ரவரி 8, இரவு 9:40

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் டிஜிட்டல் போட்டோகிராபி பேப்பர் இருக்கிறது. எழுத்துத் தேர்வைவிட பிராஜெக்டுக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஏப்ரல் கடைசிக்குள் ஐந்து வேலை முடித்துக் கொடுக்க வேண்டும்: ஒளியும் நேரமும், ஒரே வகைப் பொருள்களின் வரிசை, ஒரு கைத்தொழில், பழைய படம் ஒன்றை வைத்துப் புதுப்படம், அப்புறம் நம் விருப்பத்துக்கு ஒன்று.

எங்கள் பெரியப்பா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியூரில். பெரியப்பா இருப்பதால் எனக்கு உள்ளே போகத் தடை இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் இருநூறு படத்துக்கு மேல் எடுத்துவிட்டேன். முகப்பு, தூண் வரிசை, வண்ணக் கண்ணாடி ஜன்னல், நிலைக்கு மேலே இருக்கும் லட்சுமி. கொண்டுபோய்க் காட்டினால் மேம் இரண்டு நிமிடம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, எந்த ஹோட்டல் விளம்பரம்?" என்றார். வகுப்பே சிரித்தது.

கேமரா கல்லூரியுடையது, 18-55 கிட் லென்ஸ். டிரைபாடின் ஒரு கால் நிற்காது, சணல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

சென்னைக்கிளிக் | பிப்ரவரி 8, இரவு 10:15

மேம் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே சிஸ்டர். செட்டிநாடு என்றாலே எச்டிஆர்தான். மைனஸ் 2, சரியான அளவு, பிளஸ் 2 என்று மூன்று எக்ஸ்போஷர் எடுத்து ஒன்றாக்கு. தூணில் இருக்கிற மர ரேகைகூடத் தெரியும். வானம் வெளுத்துப் போயிருந்தால் வேறு வானத்தை எடுத்து ஒட்டு. நான் போன வருடம் எடுத்த முகப்பு படத்துக்கு மேகம் மகாபலிபுரத்தில் எடுத்தது. 900 லைக்.

பழைய_ஸ்டூடியோ | பிப்ரவரி 9, காலை 6:05

தம்பி சென்னைக்கிளிக், மகாபலிபுரத்து மேகம் கானாடுகாத்தானுக்கு மேலே நின்றால் இங்கே மழையாவது பெய்திருக்குமே.

தங்கச்சி, நான் காரைக்குடியில் 31 வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். பிலிம் காலத்தில் ஆரம்பித்து மெமரி கார்டு காலத்தில் மூடினேன். எச்டிஆர் பற்றி ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டைக் கட்டியவர்கள் நிழலுக்காகக் கட்டினார்கள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஒவ்வொரு கட்டாகப் போகப் போக வெளிச்சம் குறைந்து கண் குளிரும். முற்றத்து வெயிலுக்கும் தாழ்வாரத்து நிழலுக்கும் நாலைந்து ஸ்டாப் வித்தியாசம் வரும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு, ஐந்து ஸ்டாப் என்றால் 32 மடங்கு. அதை மூன்று படம் ஒட்டிச் சமமாக்கிவிட்டால் வீடு டியூப்லைட் போட்ட கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும். நிழலை இருட்டாகவே விடு. வெயில் விழும் இடத்துக்கு மட்டும் அளவு வை.

மீட்டரைப் பார்க்காமலே ஒரு கணக்கு உண்டு. நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப் 16இல் வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ (ஒளி உணரும் அளவு) எண்ணுக்கு இணையாக இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. எஃப் 8க்கு வந்தால் 1/400. இதை மனப்பாடம் பண்ணிக்கொள், பேட்டரி செத்தாலும் மறக்காது.

லென்ஸ்_வாத்தியார் | பிப்ரவரி 9, மாலை 5:30

மேகம் ஒட்டுவதைப் பற்றி ஸ்டூடியோ ஐயா கோபப்படுகிறார். ஆனால் அது இன்று வந்த பழக்கம் இல்லை. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று நம் பக்கத்திலேயே மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு படம் எடுத்தவர். அந்தக் கால நெகட்டிவ் நீல நிறத்தை வெள்ளையைப் போலவே பதியும். அதனால் வானம் வெறும் தாளாக வரும். மனிதர் தூரிகையை எடுத்து நெகட்டிவிலேயே மேகம் தீட்டினார். ஆகவே சென்னைக்கிளிக்குக்கு 160 வருடத்துப் பரம்பரை இருக்கிறது! ஒரு வித்தியாசம், டிரைப் கையால் தீட்டினார், யாருடைய வானத்தையும் கடன் வாங்கவில்லை.

முற்றத்துவெயில், உன் பெயரிலேயே முதல் பிராஜெக்ட் இருக்கிறதே. முற்றத்தில் விழும் வெயில் துண்டு காலையிலிருந்து மாலை வரை எங்கெங்கே நகர்கிறது என்று எடு. கேமராவை ஓர் இடத்தில் வைத்து அசைக்காமல் அரை மணிக்கு ஒரு படம். எல்லாம் மேனுவல். வொயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டிவிடு, ஆட்டோவில் விட்டால் காலைச் சிவப்பும் மதிய வெள்ளையும் ஒன்றாகிவிடும். கேமரா பதிந்ததை மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடு. பிறகு எல்லாவற்றையும் அடுக்கி லைட்டன் முறையில் கலந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் எது அதிக வெளிச்சமோ அது மட்டும் நிற்கும். ஒரு நாளின் வெயில் முழுக்க ஒரே படத்தில் உட்காரும்.

இன்னொன்று. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 10 பாகை வடக்கே. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில், ஏப்ரல் 16, 17 வாக்கில், சூரியன் நேராக உச்சந்தலைக்கு வரும். ஆவணியிலும் இன்னொரு முறை வரும். அன்றைக்குத் தூணுக்கு நிழலே இருக்காது. கடிகாரத்தில் 12 மணிக்கு நிற்காதே. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். உச்சி இங்கே 12:15க்குத்தான்.

முற்றத்துவெயில் | பிப்ரவரி 15, இரவு 8:20

இன்று முதல் முயற்சி. காலை 6:30க்கு ஆரம்பித்தேன். 9:30 மணிக்குப் பெரியப்பா நெல் காயப்போட முற்றத்தைக் கேட்டார். சரி என்றேன். அவர் சாக்கை இழுத்துக்கொண்டு போகும்போது கயிறு கட்டிய கால் தட்டுப்பட்டு டிரைபாட் இரண்டு அங்குலம் நகர்ந்துவிட்டது. அடுக்கிப் பார்த்தால் எல்லாத் தூணும் இரட்டைத் தூண்.

ஆனால் ஒன்று கவனித்தேன். 9:30க்குப் பிறகு எடுத்த படங்களில் நெல்லின் மேல் விழும் வெயில் தரையில் விழுந்ததைவிட நன்றாக இருக்கிறது. தரை வழுக்கென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. நெல் வாங்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை டிரைபாட் கால் நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிடுவேன். நெல்லையும் காயவிடச் சொல்வேன்.

ஆத்தங்குடி_மணல் | பிப்ரவரி 16, மதியம் 1:10

கைத்தொழிலுக்கு எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்கு வாங்க தங்கச்சி. ஞாயிறு தவிர எல்லா நாளும் வேலை உண்டு. நிறையப் பேர் வந்து எடுக்கிறார்கள். எல்லாரும் எடுப்பது ஒரே படம்தான், மாஸ்டர் கரண்டியால் வண்ணம் ஊற்றுவது. நெட்டில் பார்த்திருப்பீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கீழே ஒரு கண்ணாடி. அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டில் கரைத்த வண்ணத்தை ஊற்றுவோம். அச்சை மெதுவாகத் தூக்கினால் வண்ணம் கலக்காமல் நிற்கும். அதன் மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, பிறகு கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்வோம். அடுத்து தண்ணீர்த் தொட்டி, நிழலில் காயல். கண்ணாடி பிரியும்போது முகம் வழவழவென்று வரும். பாலிஷ் மெஷின் கிடையாது. இந்த மண்ணில் கிடைக்கிற மணல்தான் விஷயம், அதனால்தான் எனக்கு இந்தப் பெயர்.

ஆக, கல் குப்புறப் பிறக்கிறது. செய்கிறவன் பார்ப்பது முதுகை.

முற்றத்துவெயில் | பிப்ரவரி 16, இரவு 11:45

அண்ணே, "குப்புறப் பிறக்கிறது" என்று எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. கண்ணாடிக்குக் கீழே கேமராவை மல்லாக்கப் படுக்கவைத்தால்? வண்ணம் ஊற்ற ஊற்ற முகம் கீழிருந்து தெரியும் அல்லவா? பட்டறையில் விடுவார்களா?

ஆத்தங்குடி_மணல் | பிப்ரவரி 17, காலை 7:30

மாஸ்டரிடம் கேட்டேன். ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "கேமரா மேலே சிமெண்ட் ஒழுகினால் நான் பொறுப்பில்லை" என்றார். அவர் பேச்சில் அதற்கு வாங்க என்று அர்த்தம்.

லென்ஸ்_வாத்தியார் | பிப்ரவரி 17, மாலை 6:00

அருமையான யோசனை, ஆனால் மூன்று சிக்கல் இருக்கிறது.

முதலாவது தூரம். கல் பத்து அங்குலம் என்றால், 18 மில்லிமீட்டரில் முழுக்கல்லும் அடங்க லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கேமரா உடம்பையும் சேர்த்தால் கண்ணாடியை ஒன்றரை, ஒன்றேமுக்கால் அடி உயரத்தில் ஏற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது வெளிச்சம். வண்ணம் நிறைந்துவிட்டால் மேலிருந்து வரும் வெளிச்சம் அடைபட்டுவிடும், படம் கறுப்பாகும். கீழிருந்துதான் விளக்கு வைக்க வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணாடியில் விளக்கே தெரியும். இரண்டு பக்கமும் 45 பாகையில், கொஞ்சம் தள்ளி வை. கறுப்பு சார்ட் அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுக் கேமராவுக்கு மாட்டிவிடு. இல்லாவிட்டால் கல்லின் நடுவே உன் கேமராவின் முகம் பூவோடு பூவாக இருக்கும். போகஸை மேனுவலில் வைத்துக் கண்ணாடியின் மேல் முகத்தில் நிறுத்து.

மூன்றாவது பாரம். கண்ணாடி வழக்கமாக மேசையில் படிந்து கிடக்கும். நீ நடுவில் தாங்கல் இல்லாமல் தூக்கி நிறுத்தப் போகிறாய். வண்ணம் ஊற்றும்வரைதான் அது தாங்கும். கலவை போட்டு அழுத்துவதைக் கீழிருந்து எடுக்க ஆசைப்படாதே.

முற்றத்துவெயில் | பிப்ரவரி 28, இரவு 9:05

ஆசைப்பட்டேன் சார்.

முதலிலிருந்து சொல்கிறேன். சனிக்கிழமை, காலை எட்டு மணி. ஹாலோ பிளாக் கல்லை இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே கண்ணாடி. கேமராவுக்கு மேல் பாலிதீன் கவர், லென்ஸ் வாய் மட்டும் வெளியே. பட்டறையில் இருந்த இரண்டு எல்இடி விளக்கை வாங்கி நீங்கள் சொன்ன மாதிரி வைத்தேன். மாஸ்டர் குந்தி உட்கார்ந்து ஊற்ற வேண்டியவர், இந்த உயரத்துக்கு நின்றுகொண்டு ஊற்றினார். முதல் இரண்டு கல்லில் வண்ணம் அறை தாண்டிப் போனது. அவருக்கே சிரிப்பு.

மூன்றாவது கல் சரியாக வந்தது. இரண்டு விநாடிக்கு ஒரு படம், எஃப் 8, ஐஎஸ்ஓ 800. முதல் படத்தில் அச்சின் கோடு மட்டும், அதற்கு மேலே ஓட்டுக்கூரை, மாஸ்டரின் தாடை. பிறகு பச்சை ஓர் இலையை மூடுகிறது. அடுத்து மஞ்சள். ஒவ்வொரு நிறமும் விழும்போது அந்த அளவுக்குக் கூரையும் மனிதரும் மறைகிறார்கள். கடைசிப் படத்தில் வெறும் கல்தான், ஆள் இல்லை. இதை நான் யோசித்தே வைத்திருக்கவில்லை, தானாக நடந்தது.

அப்புறம் நான்காவது கல்லுக்கு, "ஒரே ஒரு தடவை கலவையும் போடுங்க மாமா" என்று கெஞ்சினேன். போட்டார். டக் என்று ஒரு சத்தம். கண்ணாடி குறுக்கே இரண்டாகப் போய், பச்சை சிமெண்ட் முழுக்கப் பாலிதீன் மேல். கேமரா தப்பியது. என் சுடிதார் தப்பவில்லை. கண்ணாடிக்குப் பணம் கொடுத்தேன், மாஸ்டர் வாங்க மாட்டேன் என்கிறார்.

ஆத்தங்குடி_மணல் | பிப்ரவரி 28, இரவு 9:40

பட்டறையில் நாலு நாளாக இதே பேச்சாக இருக்கப்போகிறது பாருங்கள். படத்தை போனில் காட்டிவிட்டுப் போனீர்களே, அதை மாஸ்டர் என்னிடம் மூன்று தடவை கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டார்.

பழைய_ஸ்டூடியோ | மார்ச் 1, காலை 6:10

ஐஎஸ்ஓ 800 எதற்கு? விளக்கை இன்னும் கிட்டே வைத்திருந்தால் 200இல் முடிந்திருக்கும். மற்றபடி ஆள் மறைகிற அந்த வரிசை நன்றாக இருக்கிறது. நான் பாராட்டினால் அதை எழுதி வைத்துக்கொள், அடிக்கடி நடக்காது.

முற்றத்துவெயில் | மார்ச் 8, இரவு 10:00

அடுத்து, ஒரே வகைப் பொருள்களின் வரிசை. வகுப்பில் ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதியைப் பற்றிச் சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டி, ஊது உலை என்று ஒரே கோணத்தில், மேகமூட்டமான நாளில், வருடக்கணக்காக எடுத்துக் கட்டம் கட்டமாக மாட்டியவர்கள். பெரியப்பா பார்த்துக்கொள்ளும் வீட்டில் வளவைச் (நடு முற்றமும் தாழ்வாரமும்) சுற்றி 16 கதவு இருக்கிறது. 16 கதவிலும் 16 பூட்டு. அலிகார் பூட்டு, திண்டுக்கல் பூட்டு, புதுச் சீனப் பூட்டு, ஒன்றில் பூட்டு துருப்பிடித்துக் கொக்கியோடு ஒட்டிப்போயிருக்கிறது, ஒன்றில் வெறும் கம்பி. ஒரே உயரம், ஒரே தூரம். நாலுக்கு நாலு கட்டமாக இணைத்திருக்கிறேன். அவசரத்துக்கு ஐந்து படம் போனில் எடுத்தது. பார்த்துச் சொல்லுங்கள்.

சென்னைக்கிளிக் | மார்ச் 8, இரவு 10:20

வேற லெவல் சிஸ்டர். எச்டிஆர் இல்லாமலேகூட.

பங்காளி72 | மார்ச் 9, காலை 5:50

நான் இதுவரை இந்த இழையை வாசிக்க மட்டும் செய்தேன். கோலாலம்பூரில் இருக்கிறேன். ஊரில் எங்களுக்கும் இப்படி ஒரு வீடு உண்டு, எனக்கும் ஒரு கதவும் பூட்டும் உண்டு.

அம்மாடி, படம் நன்றாக இருக்கிறது. தயவுசெய்து இப்போதே நீக்கிவிடு. ஆள் இல்லாத வீட்டில் எந்தப் பூட்டு பழசு, எது துருப்பிடித்தது, எதில் பூட்டே இல்லை என்று வரிசையாகப் படம் போட்டிருக்கிறாய். ஊர் பெயரை முதல் பதிவிலேயே சொல்லிவிட்டாய். போதாததற்கு நீ கோப்பாக ஏற்றிய போன் படத்தைத் திறந்து விவரம் பார்த்தேன், ஜிபிஎஸ் புள்ளி அப்படியே இருக்கிறது. வரைபடத்தில் போட்டால் உங்கள் பெரியப்பா வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பூட்டிய வீட்டுத் தூணுக்கும் நிலைக்கும் இன்று என்ன விலை என்று உனக்குத் தெரியாமல் இருக்காது.

நடத்துநர் | மார்ச் 9, காலை 6:30

படங்களை நீக்கிவிட்டோம், முதல் பதிவில் ஊர் பெயர் மட்டும் பொதுவாக இருப்பதால் விட்டிருக்கிறோம். எல்லாருக்கும்: போன் கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

முற்றத்துவெயில் | மார்ச் 9, காலை 8:00

மன்னித்துவிடுங்கள் ஐயா. எனக்கு இது தோன்றவே இல்லை. பெரியப்பாவிடம் சொன்னேன், அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அவர் வேலைக்குக் கேடு வந்திருக்கும்.

பழைய_ஸ்டூடியோ | மார்ச் 9, காலை 9:15

பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். பத்து மணி நேரம்கூட இருக்கவில்லை அந்தப் படம். இன்னொன்றும் கேட்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வந்து திறந்து பார்த்துவிட்டுப் போகிற பூட்டு அது. தினமும் அதைத் துடைத்து எண்ணெய் போடுகிறவரின் மகள்தானே எடுத்தாள்?

பங்காளி72 | மார்ச் 9, மதியம் 12:40

ஐயா, நீங்கள் சொல்வது எனக்கும் சுடுகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கதவுகள் என்ன என்று தெரிந்துகொண்டால் பிள்ளைக்கு உதவும். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தவை. கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி, புள்ளிக்கு அறை. அடுப்புகூடத் தனித்தனி. என் தாத்தாவுக்கு ஒரு கதவு. அவருக்கு நாலு மகன், எங்கள் தலைமுறையில் பதினோரு பேர். ஒரு சாவிக்குப் பதினோரு பேரின் சம்மதம். வீட்டை விற்கவும் முடியாது, ஓடு மாற்றவும் முடியாது. பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய காலத்தில் யாரும் இதைக் கணக்குப் போடவில்லை. அவள் எடுத்தது பூட்டைத்தான், எனக்குத் தெரிந்தது எங்கள் குடும்பம். வேறு விதமாக எடுக்க முடியுமா என்று பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

லென்ஸ்_வாத்தியார் | மார்ச் 9, மாலை 6:30

டிரைப்பிடமே திரும்பப் போகலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் ஒரு படத்தில் அடக்கப் பார்க்கவில்லை. கேமராவைச் சுவரோடு நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படத்தை ஒட்டினார். நீளம் ஏறத்தாழ 19 அடி. சுருட்டித்தான் வைக்க முடியும்.

முற்றத்துவெயில், கண்ணைக் கொஞ்சம் இறக்கு. பூட்டு வேண்டாம், நிலைப்படியை எடு. ஒவ்வொரு கதவின் படியும் அதன் முன்னால் இருக்கும் ஒரு முழம் தரையும். கட்டம் கட்டாதே, வளவைச் சுற்றி வந்து நீளமாக ஒட்டு. சுழற்றி எடுக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து எடு. தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே டிரைபாட் நகரட்டும். தூண் குறுக்கே வந்தால் ஒட்டும் இடத்தில் பிசகும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் பாதிக்குப் பாதி மேற்படிய எடுத்தால் சமாளிக்கலாம்.

முற்றத்துவெயில் | மார்ச் 22, இரவு 9:30

முடித்துவிட்டேன். 44 படம், ஒட்டி முடித்தால் அரை அடி உயரம், பதினோரு அடி நீளம். இருப்பிடத்தை அணைத்தேன், பூட்டு ஒன்றுகூட இல்லை, பங்காளி ஐயாவுக்குத் தனியாக அனுப்பிச் சம்மதம் வாங்கிய பிறகே இங்கே சிறிய அளவில் ஏற்றுகிறேன்.

நடந்தது இது. பூட்டில் தெரியாதது படியில் தெரிகிறது. மூன்று படி நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. இரண்டில் பழைய கோலத்தின் வெள்ளை கல்லுக்குள் இறங்கிவிட்டது, துடைத்தாலும் போகாது. ஐந்தாவது படிக்கு முன்னால் எறும்பு மண். ஒன்பதாவது மட்டும் பளிச்சென்று இருந்தது. பெரியப்பாவைக் கேட்டால், அந்த ஆச்சி இறந்து ஏழு வருடம் ஆகிறதாம். "வாரா வாரம் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னாங்க, வேண்டாம்னு யாரும் இன்னும் சொல்லலையே" என்றார்.

பங்காளி72 | மார்ச் 23, காலை 6:00

பார்த்தேன் அம்மா. நல்லது.

முற்றத்துவெயில் | மார்ச் 29, மாலை 4:15

பழைய படத்துக்கு ஒரு சந்தேகம். பட்டாலையில் (கூடத்தில்) ஒரு கல்யாண குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. அதே வளவில் எடுத்தது. எடுத்தவர் நின்ற இடத்திலேயே நின்று எடுக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? காப்பிரைட் பிரச்சினை வருமா?

பழைய_ஸ்டூடியோ | மார்ச் 29, மாலை 5:00

இடம் கண்டுபிடிப்பது சுலபம். பழைய படத்தில் முன் தூணின் விளிம்பு பின்னால் இருக்கும் கதவை எங்கே வெட்டுகிறது என்று பார். நீ இடது வலது நகர்ந்தால் அந்த வெட்டு மாறும். அது ஒத்துவரும் கோட்டில் முன்னே பின்னே போ. இரண்டாவது தூணும் ஒத்துவந்தால் அதுதான் இடம். உயரம் உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சளவு இருக்கும், அந்தக் கால ஸ்டாண்டு கேமராவைக் குரூப்புக்கு அப்படித்தான் இறக்குவார்கள். பிரேம் கண்ணாடியைக் கழற்றாதே, படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் முகம் பிய்ந்துவிடும். ஆத்தங்குடியில் செய்தாயே 45 பாகை, அதையே இங்கும் செய்.

லென்ஸ்_வாத்தியார் | மார்ச் 29, இரவு 7:45

1957ஆம் வருடச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் அந்தப் படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். 2012 வரை புகைப்படம் வெளியானதிலிருந்து 60 வருடம் என்று இருந்தது, அந்த வருடத் திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும். உனக்குச் சட்டத்தைவிட அந்தக் குடும்பத்தின் சம்மதம் முக்கியம், அதை எப்படி வாங்குவது என்று உனக்கு இப்போது தெரியும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடி எண்மமாக்கியிருக்கிறது. இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் ஊர் படம் மாதிரி நிறைய இருக்கும்.

பழைய_ஸ்டூடியோ | மார்ச் 29, இரவு 8:10

ஸ்டூடியோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சினிமாவுக்கு ஏவிஎம் ஸ்டூடியோ முதலில் இருந்தது நம் காரைக்குடியில், தேவகோட்டை ரோட்டில். யுத்தம் முடிந்த பிறகுதான் கோடம்பாக்கம் போனது. இன்றைக்கு அந்த ரோட்டில் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, இதற்கும் இழைக்கும் சம்பந்தம் இல்லை.

முற்றத்துவெயில் | ஏப்ரல் 17, இரவு 10:30

நேற்று 12:15. வாத்தியார் சார் சொன்னபடியே நடந்தது. தூண் நிழல் தூணுக்குள்ளேயே போய்விட்டது. முற்றத்தில் காயும் நெல்லின் மேல் கூரை விளிம்பின் நிழல் ஒரு சதுரம் வெட்டி வைத்த மாதிரி. காலையிலிருந்து எடுத்த 23 படமும் அசையாமல் அடுக்க முடிந்தது. சுண்ணாம்பு வட்டம் கைவிடவில்லை. பெரியப்பா அன்று நெல்லைக் கிளறவே இல்லை, எனக்காக.

ஐந்தாவதாக, விருப்ப வேலையாக, ஒரு விசித்திரமான தொகுப்பு கொடுக்கப்போகிறேன். நெல் காய்ந்துகொண்டிருந்தபோது பெரியப்பா, "அந்தக் கேமராவைக் கொண்டு மேலே வா" என்றார். இரண்டாம் கட்டில் ஓடு உடைந்து, மழைத் தண்ணீர் இறங்கி, கைமரத்தில் கரையான். அவர் பழைய போனில் எடுத்து வீட்டுக்காரர்களின் குரூப்பில் போட்டிருக்கிறார். படம் மங்கல். "போன வருஷமும் இதேதானே காட்டினீங்க" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்காக எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் அடிக்கோல் வைத்து, அன்றைய செய்தித்தாளும் தெரியும்படி. பன்னிரண்டு படம். அழகு ஒன்றும் கிடையாது. விரிசல், ஈரம், புற்று. ஒவ்வொன்றுக்கும் கீழே பெரியப்பா குரூப்பில் எழுதிய வரியையே தலைப்பாகப் போட்டிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டு.

சென்னைக்கிளிக் | ஏப்ரல் 17, இரவு 10:50

கரையானுக்கு மார்க் போடுவார்களா?

முற்றத்துவெயில் | ஏப்ரல் 28, மாலை 6:40

போட்டார்கள். ஐந்தில் அதற்கும் கல்லுக்கும்தான் அதிகம். வெயில் படத்தை மேம், "இன்னும் கொஞ்சம் ஹோட்டல் வாசனை இருக்கு" என்றார், ஆனால் சிரித்துக்கொண்டு. பழைய கல்யாணப் படம் சுமார், அவசரமாக முடித்தது தெரிந்துவிட்டது. பதினோரு அடிச் சுருளை மாட்டச் சுவர் போதாமல் வராந்தாவில் கயிறு கட்டித் துணி மாதிரி கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். வீட்டுக்காரர்களின் குரூப்பில் நான்கு பேர் பணம் போட ஒத்துக்கொண்டார்களாம், மீதிப் பேரிடம் பேச்சு நடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாறினால் சரி என்கிறார் பெரியப்பா.

ஆத்தங்குடி_மணல் | ஏப்ரல் 28, இரவு 8:00

வாழ்த்துகள் தங்கச்சி. மாஸ்டர் ஒரு கோரிக்கை சொன்னார். கண்ணாடிக்குப் பணம் வேண்டாமாம், அந்தக் கடைசிப் படம், ஆள் மறைந்த பிறகு வருகிற முழுக்கல், அதை பிரிண்ட் போட்டுத் தர முடியுமா என்று கேட்கிறார். கல்லின் அளவிலேயே வேண்டுமாம், பத்துக்குப் பத்து.

பழைய_ஸ்டூடியோ | ஏப்ரல் 28, இரவு 8:20

லேபில் பத்துக்குப் பத்து கேட்டால் முழிப்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு போடச் சொல்லி இரண்டு அங்குலம் வெட்டிவிடு. மேட் தாளில் போடாதே, கிளாஸி போடு. அந்தக் கல்லுக்கு மினுமினுப்பு வேண்டும்.